திரும்பி வந்த நாலாயிரத்துப் பன்னிரண்டு கடிதங்கள்

அத்தியாயம் 3

"மொத்தம் நாலாயிரத்துப் பன்னிரண்டு" என்றார் பொன்னுலிங்கம். "இண்ணைக்குக் காலம்பற எட்டு மணி வரைக்கும் உள்ள கணக்காக்கும்."

தோவாளைப் பூச்சந்தையில் இத்தனை செங்குத்தாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை மத்தியாஸ் இதற்கு முன் பார்த்ததில்லை. சுற்றிலும் பிச்சியும் அரளியும் கேந்தியும் மூட்டை மூட்டையாகச் சரிந்து கிடந்தன. சரியாமல் இருந்தது பொன்னுலிங்கம் ஒருவர்தான். அறுபத்தாறு வயது, மூன்று தலைமுறையாகப் பூ மொத்த வியாபாரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். அவருக்கு எதிரே மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு முல்லைச் சரம் சார்த்தியிருந்தது.

"மாலை போட்டிருக்கியளே, கம்ப்யூட்டர் எப்பம் மரிச்சுது?" என்று கேட்டாள் லீமா.

"ஏட்டி, பூக்கடையில இருக்கப்பட்ட சாதனத்துக்குப் பூ வைக்காண்டாமா?"

லீமா மத்தியாசின் உதவியாளர். நாகர்கோவிலில் ஐந்து வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தி, அது நொடித்ததும் மாடியிலிருந்த மத்தியாசின் துப்பறியும் நிலையத்துக்கு ஏறி வந்தவள். ஊரிலுள்ள பாதிப் பேருடைய பாஸ்வேர்டுகளை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வாள். யாரும் நம்பியதில்லை. மத்தியாஸ் முப்பத்தொரு வருஷம் தபால் துறையில் இருந்தவர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம், வாங்க ஆளில்லாமல் திரும்பிய கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, அனுப்பியவரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பிக்கும் பிரிவு. கம்ப்யூட்டரை எங்கே தொட்டால் விழிக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வந்த கடிதங்கள் என்றதுமே இந்த வழக்கை ஒப்புக்கொண்டுவிட்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்றார்.

பொன்னுலிங்கம் சொன்னார். மஸ்கட்டில் இருக்கும் மகன் போன வருஷம், அதாவது 2006இல், இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, பொன்னுலிங்கம் பூக்கடை என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி ஒரு மின்னஞ்சல் முகவரியும் உண்டாக்கிக் கொடுத்தான். ஓணத்துக்குப் பூக் கேட்டு மலையாளத்து வியாபாரிகள் அதில் எழுதினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. போன வாரம் திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தால் முந்நூறு கடிதங்கள். தாங்கள் அனுப்பிய கடிதம் உரியவருக்குச் சேரவில்லை, திருப்பி அனுப்புகிறோம் என்று ஒவ்வொன்றும் சொன்னது. மறுநாள் எழுநூறு.

"நான் ஒண்ணுகூட அனுப்பேல்ல" என்றார் பொன்னுலிங்கம். "ஆனா எல்லாத்திலயும் அனுப்பினது நான்னு எனக்க பேரு இருக்கு. எங்க அப்பாவுக்க பேரும் சேத்தாக்கும் நான் இதுல சுமந்துட்டு இருக்கேன்."

லீமா திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இதுல நீங்க சுவிட்சர்லாந்து வாட்ச் விக்கியோ. இதுல பரீட்சை எழுதாம டாக்டர் பட்டம் தாறியோ. இதுல பாருங்கோ சாரே, ஆப்பிரிக்காவுல ஒரு ராஜாவுக்க புதையல எடுத்துத் தாறேன்னு இவரு பறஞ்சிருக்காரு."

"சவத்த மூடு" என்றார் பொன்னுலிங்கம்.

"மன்னிப்பு, மன்னிப்புன்னு வேற ஒரு கெட்டு இருக்கே. நூத்திப் பதினேழு. இது என்னவாக்கும்?"

"அது நான் எழுதினது. எனக்க பேர்ல ஒரு கடிதம் போயி ஒரு மனுஷனுக்குச் சங்கடம் உண்டாக்கிச்சுன்னா, நான் எழுதினாலும் எழுதாட்டாலும் மன்னிப்புக் கேக்கணும். அந்த மெயிலர் டீமன்னு ஒரு அதிகாரி, நல்ல மனுஷன், ஒண்ணுகூட விடாம பொறுப்பா திருப்பி அனுப்பிட்டு இருக்காரு. அவருக்கு எழுதினேன். எனக்க பேத்தி இங்கிலீஷுல நாலு வரி எழுதித் தந்தா. அத ஒத்த விரலால அடிக்கேன். ஒரு கடிதத்துக்கு முக்கால் மணிக்கூறு ஆவும்."

"பெரியவரே, அது மனுஷன் இல்ல. மிஷினாக்கும்."

"கடிதத்தத் திருப்பித் தந்தா மிஷினும் அதிகாரிதான்."

மத்தியாசுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் பொன்னுலிங்கம் அவரை அழைத்தது இந்த நாலாயிரத்துப் பன்னிரண்டுக்காக மட்டும் அல்ல. மேசை இழுப்பறையிலிருந்து, தம் கைப்பட எழுதிய நான்கு பக்கப் புகாரை எடுத்து நீட்டினார். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. எங்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டுகூடச் சுழி போடாமல் வெளியே போனதில்லை என்று அவர் சொன்னதை மத்தியாஸ் மனத்தில் குறித்துக்கொண்டு, கடைசிப் பக்கத்துக்குப் போனார். வழக்கு அங்கேதான் இருந்தது.

பேத்தி ஆதிராவுக்கும் இரணியல் முத்துநாயகத்தின் மகன் சிவபிரசாதுக்கும் ஆனி மாதம் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. ஆவணியில் கல்யாணம். நேற்று முத்துநாயகம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: உங்கள் முகவரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் பெண்கள் இருக்கிற வீட்டில் படிக்கத் தக்கதல்ல. நாளை மாலை ஐந்து மணிக்கு நிச்சயத் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்புகிறோம். அந்த நாளை இன்றுதான்.

"மாப்பிள்ள என்ன சொல்லுகாரு?" என்று கேட்டாள் லீமா.

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. பிச்சி மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்த ஆதிராவுக்கு இருபத்துமூன்று வயது. தாத்தாவின் முதுகெலும்பு அவளுக்கும் வந்திருந்தது. "ஷார்ஜாவுல இருந்து விளிச்சாரு அக்கா. அப்பாக்க வாக்குக்கு மேல அவருக்க வாய் போகாதாம். அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறவு தாம்பாளத்த நானே கேட்டு வாங்குவேன்" என்றாள். சொல்லிவிட்டு, கையிலிருந்த பிச்சிமொட்டை நசுக்கிக்கொண்டே இருந்தாள். நசுக்குவது அவளுக்கே தெரியவில்லை.

மத்தியாஸ் எழுந்தார்.

"ஒரு சங்கதி யோசிங்கோ. இங்க இருக்கப்பட்ட நாலாயிரமும் போய்ச் சேராத கடிதம். போய்ச் சேந்தது ஒண்ணு. அது இரணியல்ல இருக்கு. அதப் பாக்காம நமக்கு வழியில்ல."

மணி இரண்டு.

பொன்னுலிங்கத்தின் அம்பாசடரை லீமா ஓட்டினாள். மத்தியாஸ் பணிக்காலம் முழுவதும் சைக்கிளோடு நிறுத்திக்கொண்டவர். டிரைவர் பூ லோடு ஏற்றப் போயிருந்தார்.

"பொம்பளப்பிள்ள ஓட்டுகிற கார்ல நான் இதுவரைக்கும் இருந்ததில்ல" என்றார் பின்சீட்டிலிருந்த பொன்னுலிங்கம்.

"நானும் இதுவரைக்கும் ஆப்பிரிக்கா ராஜாவுக்க புதையல் கையில உள்ள ஆளக் கார்ல ஏத்தினதில்ல. முறுக்கிப் பிடிச்சு இருங்கோ."

தக்கலை தாண்டும்வரை மழைத் தூறல். முன்னால் இருந்த மத்தியாஸ் திரும்பாமலே பேசினார். "லீமா, ஒருத்தருக்க பேர்ல வேற ஒருத்தன் அனுப்ப முடியுமா?"

"சாரே, ஆரு பேர்ல வேணும்னாலும் முடியும். போப்பாண்டவர் பேர்ல இப்பம் உங்களுக்கு ஒண்ணு அனுப்பிக் காட்டட்டா? அனுப்புகவன் பேருன்னு ஒரு கட்டம் உண்டு. அதுல எத எழுதினாலும் அது நம்பும். விளம்பரக்காரன் ஒரே நேரத்துல லெட்சம் பேருக்கு அனுப்புவான். அதுல பாதி விலாசம் பொய். அது எல்லாம் திரும்பி வரும்லா? தனக்குத் திரும்பி வரக்கூடாதுன்னு, கையில கிடச்ச ஒரு நல்ல மனுஷனுக்க பேரப் போடுவான்."

மத்தியாஸ் சிரித்தார். அப்படியானால் இது புதுச் சரக்கே அல்ல. அவர் பணியில் இருந்தபோது ஆரல்வாய்மொழியில் ஒருவன் தன் மச்சானைத் திட்டி ஏழு வருஷம் மொட்டைக் கடிதம் எழுதினான். உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று உள்ளூர்ப் போலீஸ் இன்ஸ்பெக்டரின் விலாசத்தைப் போடுவான். மச்சான் வாங்க மறுத்த கடிதமெல்லாம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. யாரோ தம்மையே திட்டுவதாக எண்ணி அந்த இன்ஸ்பெக்டர் மூன்று வருஷம் ஊரில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறையின் பின்பக்கம் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். முத்திரையைப் பார்க்க வேண்டும் என்றார்.

"முத்திர இதிலயும் உண்டு" என்றாள் லீமா. "அந்த நாலாயிரத்துல பத்தைத் திறந்து பாத்தேன். ஒண்ணுகூட தோவாளையில இருந்து போகேல்ல. எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம்."

"அதுக்கு முத்திர எதுக்கு? ஒரே நாளுல எழுநூறு கடிதம் திரும்பி வந்திருக்கு. இவருக்கு ஒண்ணுக்கு முக்கால் மணிக்கூறு."

பின்சீட்டில் பொன்னுலிங்கத்தின் தாடை ஓர் அங்குலம் உயர்ந்தது. "அப்பம் எனக்க பேரு தெளிஞ்சு போச்சு."

"இன்னும் ஒரு கடிதம் பாக்கி" என்றார் மத்தியாஸ்.

இரணியலில் முத்துநாயகத்தின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் வீடு. வண்டி நின்றதும் பொன்னுலிங்கம் இறங்க மறுத்துவிட்டார். பேர் தெளியாமல் சம்பந்தி வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், தெளிந்ததும் கூப்பிடுங்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே சிலைபோல் இருந்தார்.

முன்னறையின் நடுவில், சிவப்புப் பட்டால் மூடிய பித்தளைத் தாம்பாளம் முக்காலியில் தயாராக இருந்தது. அதற்குப் பக்கத்தில் முத்துநாயகம் தயாராக இருந்தார். தாம்பாளத்தைவிட அவர் முகம் கனமாக இருந்தது.

"அவரு வரலியா?"

"கார்ல இருக்காரு."

"கொள்ளாம். அங்கேயே இருக்கட்டு. இஞ்ச ஒரு மரியாதையான வீடாக்கும். சம்பந்தம் பேசுகதுக்கு முந்தி குலம் பாத்தேன், நிலம் பாத்தேன். அந்தாளுக்க கம்ப்யூட்டர பாக்காம விட்டுட்டேன்."

"அந்தக் கடிதத்த ஒருக்கா காட்டணும்."

முத்துநாயகம் உள்ளே போய், அச்செடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து இரண்டு விரலால் நீட்டினார். மத்தியாஸ் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தாளின் ஊடாக அவருக்கு லீமாவின் இடது கண் தெரிந்தது.

தாளின் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. பிளேடால், அடிக்கோல் வைத்து, ஒரு வரியை மட்டும் எடுக்கும் அளவுக்கு மெல்லிய நீள்சதுரமாக வெட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு மேலே அனுப்பியவர் பெயர் பொன்னுலிங்கம். பெறுபவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல், எண்ணிப் பார்த்தால் நாற்பத்துமூன்று முகவரிகள். அதற்கும் கீழே தனியாக ஓர் எண்ணும் ஒரு சிறு கோடும். ஜன்னலுக்குக் கீழே, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுன்னு போட்டிருக்கே. இது ரெண்டாம் பக்கமா? முதல் பக்கம் எங்க?" என்றாள் லீமா.

"ஒரே பக்கந்தான்."

"டாக்டர் என்ன சொல்லுகாரு? கல்யாணமான ஆணுங்களுக்குள்ள மாத்திரையாம். முப்பது நாளுல..."

"நிறுத்து!" என்றார்கள் மத்தியாசும் முத்துநாயகமும் ஒரே குரலில்.

சாயா வந்தது. கொண்டுவந்தவள் முத்துநாயகத்தின் மனைவி ஓமனா. மத்தியாஸ் தம்ளரை வாங்கிக்கொண்டு, குறிப்பெழுத ஒரு துண்டுக் காகிதம் வேண்டும் என்று கேட்டார். அடுக்களை வாசலில் கம்பியில் குத்தி வைத்திருந்த ஒரு கட்டிலிருந்து ஓமனா ஒரு பாதித் தாளை உருவினாள்.

"அது வேண்டாம்! வேற எடு!" முத்துநாயகம் பாதி எழுந்துவிட்டார்.

"வேற எங்க இருக்கு? ஒரு மாசமா ராப்பகல் நீங்க அச்சடிச்சுத் தள்ளினதுதான் வீடு நிறைய. மறுபக்கம் சும்மாதானே கிடக்கு. நான் நெடுகக் கீறி சாமான் சீட்டு எழுதுகேன்" என்று சொல்லி அவள் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் இருபுறமும் பார்ப்பது மத்தியாசின் முப்பத்தொரு வருஷப் பழக்கம். திருப்பினார். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதில் ஒன்றும் எழுதவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி இருபது நிமிஷம்.

அவருக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தது அத்தனை சுகமாக இல்லை. தம்மை நம்பி வந்த மனிதர் வெளியே காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சாதகமாக நாலாயிரத்துப் பன்னிரண்டு சாட்சிகள் இருக்கின்றன. அதோடு நிறுத்தி எழுந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் திரும்பிய கடிதத்தைத் தவறான ஆளிடம் சேர்ப்பித்ததாக அவர்மேல் ஒரு புகாரும் இதுவரை வந்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் முதல் புகாரை வாங்க அவருக்கு மனமில்லை.

"முத்துநாயகம் சார், தோவாளையில நாலாயிரத்துப் பன்னிரண்டு கடிதம் பாத்தோம். ஒண்ணுகூட அவரு அனுப்பினதில்ல. ஆனா உங்க கையில இருக்கப்பட்ட இந்த ஒண்ணு..." மத்தியாஸ் தாளை முக்காலியில் வைத்தார். "இது அவரே அனுப்பினது."

லீமா சாயாத் தம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்க மாதாவே! சாரே, நம்ம ஆருக்க ஆளு? பீஸு இவரு தாறாரா, அவரு தாறாரா?"

"அது ரெண்டாம் பக்கம் இல்ல மக்கா. பொன்னுலிங்கத்துக்க வீட்டுல இருந்து சுழி போடாம ஒரு சீட்டும் போகாது. இங்கிலீஷ் மிஷின்ல உ இல்ல. இருக்கதுல அதப் போல வளஞ்சது எண் ரெண்டுதான். அதுக்க கீழ ஒரு கோடு. திருட்டுப்பயல் லெட்சம் கடிதம் அனுப்புவான். ஒண்ணுக்காவது பிள்ளையார் சுழி போடுவானா?"

முத்துநாயகத்தின் முகத்தில் வெற்றி தெரிய வேண்டிய நேரம். தெரிந்ததோ பயம்தான்.

"அப்பம் அனுப்பினது அவருதான்னு ஆச்சுல்லா" என்றார் அவசரமாக. "இனி பேச்சு என்னத்துக்கு? ஓமனா, தாம்பாளத்த எடு."

"பேச்சு இனிதான் இருக்கு. இந்த ஜன்னல்ல இருந்த வரி என்ன?"

"சாயா கொட்டிப் போச்சு. வெட்டினேன்."

"சாயா அடிக்கோல் வச்சா கொட்டும்? ஒரு வரி, சார். அடுத்தவனுக்க பேர வெட்டுகவன் இவ்வளவு பக்குவமா வெட்டமாட்டான், கிறுக்கி எறிவான். மனுஷன் இத்தனை பக்குவமா வெட்டுகது தனக்க பேர மட்டுந்தான்." மத்தியாஸ் சட்டைப் பையிலிருந்து பாதித் தாளை எடுத்துத் திருப்பி வைத்தார். முத்துநாயகம் ஜவுளிக்கடை என்று ஆங்கிலத்தில் முகவரி. தாங்கள் அனுப்பிய கடிதம் உரியவருக்குச் சேரவில்லை, திருப்பி அனுப்புகிறோம்.

ஓமனா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பம் தோவாளைக்காரருக்கும் வருதா? இவரு ஒரு மாசமா உண்ணாம உறங்காம கிடக்காரு."

முத்துநாயகம் வேட்டி மடிப்பிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். அதன் அடித்தட்டில், பாக்குக்குக் கீழே, நூல்போல் ஒரு காகிதக் கீற்று. ஜன்னலில் வைத்தபோது அச்சாகப் பொருந்தியது. முதலில் அனுப்பியவர்: முத்துநாயகம்.

"எனக்க பேர்ல எவனோ மாத்திரை விக்கான்" என்றார். "ஆரிட்டயும் பறயாம மூடி வச்சிருந்தேன். எப்படியோ ஒண்ணு அந்தாளுக்குப் போயிருக்கு. அத அவரு என்ன செய்தாரு? கிழிச்சுப் போட்டிருக்கலாம். எனக்கு ரகசியமா விளிச்சு ஒரு வாக்குக் கேட்டிருக்கலாம். நாப்பத்திமூணு பேருக்கு, சொந்தக்காரன் ஒருத்தன விடாம, அனுப்பியிருக்காரு! எனக்க மானத்த ஏலம் போட்டாரு. அந்த வீட்டுல நான் எப்படிப் பெண் எடுக்க?"

மத்தியாஸ் வாசலுக்குப் போய்க் கைகாட்டினார். பொன்னுலிங்கம் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டி, பேர் தெளிந்த மனிதனின் நடையில் உள்ளே வந்தார். மத்தியாஸ் தாளைக் காட்டினார்.

"இது நீங்க அனுப்பினதா?"

பொன்னுலிங்கம் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "ஆமா. நான் அனுப்பினதாக்கும். சுழி இருக்குல்லா."

லீமா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை சீக்கிரம் குற்றத்தை ஒப்புக்கொண்ட கட்சிக்காரரை அவள் கண்டதில்லை.

"எதுக்கு அனுப்பினியோ?"

"எதுக்கா? ஆனி மாசம் கடைசியில சம்பந்திக்க பேர்ல ஒரு கடிதம் வந்துது. இங்கிலீஷ். டாக்டர் படம் இருந்துது. சரிதான், சம்பந்தி ஜவுளிக்கடைக்குக் கூட மருந்துக்கடையும் தொடங்கியிருக்காருன்னு நினச்சேன். சம்பந்தி வீட்டுல புதுசா ஒரு கட திறந்தா பெண் வீட்டுக்காரன் நாலு ஆளக் கூட்டிட்டுப் போயி முதல் யாவாரம் செய்யாண்டாமா? நம்ம நாட்டு முறை அதுதானே? இருவது நாளு பாத்தேன். அழைப்பு வரலியேன்னு எனக்கு உள்ளுக்குள்ள வருத்தந்தான். அத வெளிய காட்டாம, எனக்குத் தெரிஞ்ச சொந்தக்காரனுக்கு எல்லாம் அனுப்பி விட்டேன். ஆருக்கிட்ட மருந்து வாங்கினாலும் நம்ம சம்பந்திக்கிட்ட வாங்கணும்னு போன்லயும் சொன்னேன்."

"என்ன மருந்துன்னு வாசிச்சுப் பாத்தியளா?" என்று கேட்டாள் லீமா.

பொன்னுலிங்கம் அவளைப் பார்த்த பார்வையில் மூன்று தலைமுறை வியாபாரம் இருந்தது. "சம்பந்தி விக்கிற சரக்க வாசிச்சுப் பாத்தா வாங்குவாவ?"

"அது சரி. நீங்களாட்டு என்ன மருந்துன்னு நினச்சியோ?"

"முட்டுவலிக்குன்னு நினச்சேன். கோயில் கமிட்டியில எட்டுப் பேரு எப்பம் வரும், எப்பம் வரும்னு கேட்டுட்டு இருக்காவ."

லீமா அவர் காதருகே குனிந்து, அது என்ன மருந்து என்று சொன்னாள்.

பொன்னுலிங்கம் அசையவில்லை. ஆனால் கழுத்தில் தொடங்கிய சிவப்பு, பூட்டிய பொத்தானைத் தாண்டி, காதுவரை ஏறியது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் முதுகு ஓர் அங்குலம் வளைந்தது. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எட்டுப் பேரு" என்றார். "தலைவருக்கு எண்பத்திரண்டு வயசு."

முத்துநாயகத்தின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து மத்தியாஸ் அருகே போனார். சிரிப்புதான். சத்தம் வராமல், கண்ணில் நீர் வழிய, வெற்றிலைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் சிரித்தார். ஒரு மாதமாக உறங்காதவர்களுக்கு வரும் சிரிப்பு அது.

"எனக்க கடைக்கு ஆள் சேத்தீரா ஓய்?"

"பின்ன? சம்பந்தின்னா சும்மாவா?"

"இதெல்லாம் ஆருக்க வேல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு லீமாவிடம் கேட்டார் முத்துநாயகம்.

"உங்க ரெண்டு பேருக்க விலாசமும் ஒண்ணா இருக்கப்பட்ட கம்ப்யூட்டர் எது? நிச்சயதார்த்தப் போட்டோவ ரெண்டு வீட்டுக்கும் மெயில்ல அனுப்பினாருல்லா, அந்த ஸ்டுடியோக்காரருக்கு உள்ளதா இருக்கும். அதுக்குக் காய்ச்சல் பிடிச்சிருக்கும். உள்ள இருக்கப்பட்ட விலாசம் எல்லாம் அது எவனுக்கோ ஓதிக் குடுத்திருக்கும். ஸ்டுடியோக்காரருக்கே தெரியாது. நாளைக்குப் போயி மருந்து குடுக்கேன். மாத்திரை இல்ல, வேற மருந்து."

கடிகாரம் ஐந்து அடித்தது.

எல்லாரும் முக்காலியைப் பார்த்தார்கள். பட்டுத் துணி மடித்து ஓரமாகக் கிடந்தது, தாம்பாளத்தைக் காணவில்லை. பொன்னுலிங்கம் மெல்ல எழுந்து நின்றார். அடுக்களையிலிருந்து ஓமனா வந்தாள். கையில் அதே பித்தளைத் தாம்பாளம், அதன் நிறைய, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த, ஆவி பறக்கும் பழம்பொரி. சம்பந்தியின் முன்னால் அதை வைத்துவிட்டு, "எடுங்கோ. தாம்பாளம் இஞ்ச தேவப்படும், அதத் திருப்பித் தர மாட்டோம்" என்றாள்.

பொன்னுலிங்கம் ஒன்றை எடுத்தார். கடிக்கவில்லை. முதலில் லீமாவிடம் தோவாளைக்குப் போன் போடச் சொன்னார். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள். "ஆதிரா மக்ளே, முகூர்த்தப் பட்டு நாளைக்கு எடுக்கப் போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகுதான் கடித்தார்.

"உமக்கு எத்தன திரும்பி வந்துது ஓய்?" என்று கேட்டார் முத்துநாயகம்.

"நாலாயிரத்துப் பன்னிரண்டு."

"எனக்கு ஆறாயிரத்து முந்நூத்து நாப்பது." அதில் ஒரு துளிப் பெருமை இருந்ததை மறுக்க முடியாது.

பொன்னுலிங்கம் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "எனக்குள்ளது காலம்பற எட்டு மணி வரைக்கும் உள்ள கணக்காக்கும்" என்றார்.

இனி நாற்பத்துமூன்று சொந்தக்காரர்களுக்கும் விவரம் சொல்ல வேண்டும். முத்துநாயகத்தின் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டார்கள். பொன்னுலிங்கத்தின் மின்னஞ்சல் பெட்டியை லீமா திறந்து கொடுத்தாள். பாஸ்வேர்டு என்ன என்று அவள் கேட்கவில்லை, அவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் அடித்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதை இருவரும் ஏற்கவில்லை. முத்துநாயகம் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, பொன்னுலிங்கம் ஒற்றை விரலால் குத்தினார். மருந்து இல்லை. கடை இல்லை. கல்யாணம் உண்டு. முதலில் எண் இரண்டு, கீழே ஒரு கோடு. அனுப்பி முடித்தபோது மணி ஆறேகால்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. தாங்கள் அனுப்பிய கடிதம் உரியவருக்குச் சேரவில்லை.

"நாப்பத்திமூணுல ஒண்ணு. உங்க குவைத் மருமகனுக்க பெட்டி நிறஞ்சு போச்சாம்" என்று வாசித்தாள் லீமா. "நிறையாம? ஒரு மாசமா நீங்க ரெண்டு பேரும் வாட்சும் மாத்திரையும் டாக்டர் பட்டமும் அனுப்பித் தள்ளியிருக்கியளே."

அவள் கீழே நகர்த்தினாள். திரும்பி வந்த கடிதத்தின் உச்சியில், நாலாயிரத்துப் பன்னிரண்டில் ஒன்றிலும் இல்லாத அந்த எண்ணும் கோடும் இருந்தன. பொன்னுலிங்கம் முன்னால் குனிந்து அதைப் பார்த்தார். முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"இது நம்மளுக்குள்ளது" என்றார். "இதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆகணும்."

முத்துநாயகம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாம கேப்போம் ஓய். சுழியப் போடும்."